கொலையும் கொல்லியும்: ‘சைட்’ என்றொரு பின்னொட்டு

நண்பர் ஒருவர் மொழிபெயர்த்த கட்டுரையை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1649இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டதைப் பற்றியது. ‘ரெஜிசைட்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘அரச கொலை’ என்று போட்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்த வாக்கியம் வரும்வரை: ‘1660க்குப் பின் அரச கொலைகள் தேடிப் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டன.’ கொலையை எப்படிய்யா தூக்கில போடுறது?

நண்பரைக் கிண்டல் பண்ணுவதற்காக இதைச் சொல்லவில்லை. வழுக்கிவிட்டது அந்தச் சொல்தான். ‘ரெஜிசைட்’ என்றால் மன்னனைக் கொல்லும் செயல். மன்னனைக் கொன்ற ஆளும் அதேதான். சார்லஸின் மரண ஆணையில் கையொப்பமிட்ட 59 பேரையும் ஆங்கில வரலாறு ‘ரெஜிசைடுகள்’ என்றே அழைக்கிறது. ‘ஹோமிசைட்’, ‘பாரிசைட்’ எல்லாம் இப்படி இரட்டைப் பொருள் கொண்டவை. இலத்தீனில் இந்தக் குழப்பம் இல்லை. வெட்டு, வீழ்த்து என்று பொருள்படும் வினையிலிருந்து கொன்றவனுக்கு ‘சிடா’ என்றும் கொன்ற செயலுக்கு ‘சிடியம்’ என்றும் இரு ஒட்டுகள் இருந்தன. பிரெஞ்சில் இரண்டின் வாலும் அறுபட்டு ஒரே வடிவமாகி, அப்படியே ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. (‘டிசைட்’ என்ற சொல்லும் அதே வெட்டிலிருந்து வந்ததுதான். முடிவெடுப்பதென்றால் மற்ற வழிகளை வெட்டிவிடுவது. ஆனால் ‘கோயின்சைட்’ அந்தக் குடும்பம் இல்லை. அது விழுதல் என்னும் வேறு வினையின் பிள்ளை. ஓசையை நம்பி உறவு கொண்டாட முடியாது.)

தமிழில் கொலை வேறு, கொல்லி வேறு. ‘இன்ஃபண்டிசைட்’ சிசுக்கொலை, ‘பெஸ்டிசைட்’ பூச்சிக்கொல்லி. யாரும் பூச்சிக்கொலை என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தின் போக்கைக் கவனியுங்கள். இரசாயனப் புட்டிகளின் பெயர்களில் கொல்லி என்ற பொருளே நிலைத்துவிட்டது. மனிதர் சாகும் சொற்களிலோ கொன்றவனைக் குறிக்கும் பொருள் பெரும்பாலும் மங்கி, செயல் மட்டும் மிஞ்சிவிட்டது. செத்தது மனுஷன் என்றால் கொன்றவன் சொல்லைவிட்டு நழுவிப் போய்விடுகிறான்.

இந்தச் சொற்களின் அமைப்பே அப்படித்தான். ஒட்டுக்கு முன்னால் ஓர் இருக்கை. அதில் உட்காருவது எப்போதும் செத்தவர்: மன்னன், தகப்பன், குழந்தை, பூச்சி, களை. கொன்றவருக்கு இருக்கையே கிடையாது. ‘சூசைட்’ ஒன்றில்தான் இரண்டு பேரும் ஒரே ஆள். அதனால்தானோ என்னவோ, தண்டிக்க ஆள் கையில் இருந்ததால் சட்டம் அவரையே பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை குற்றம். ஆங்கிலேயர் இங்கே எழுதிவைத்த 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சிக்குத் தண்டனை விதித்தது. 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது போனது. அதிலும் அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கில் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதை 226ஆம் பிரிவு இன்னும் குற்றமாகவே வைத்திருக்கிறது. போராட்டக்காரத் தோழர்கள் கவனிக்க.

இனி ‘ஜெனோசைட்’. போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் ஆக்கிய சொல். கிரேக்கத் தலை, இலத்தீன் வால். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஒப்பந்தமாக ஏற்றது. நாம் ‘இனப்படுகொலை’ என்கிறோம். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ‘படுகொலை’ என்றதும் பிணக்குவியல்தான் கண்முன் வரும். ‘எத்தனை பேர் செத்தாங்க?’ என்று கணக்குக் கேட்கத் தோன்றும். ஒப்பந்தம் வரிசைப்படுத்தும் ஐந்து செயல்களில் கொலை ஒன்றுதான். ஒரு குழுவை அழிக்கும் நோக்கத்தோடு அதில் பிறப்புகளைத் தடுப்பதும், குழந்தைகளைப் பிடுங்கி வேறொரு குழுவிடம் ஒப்படைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி எண்ணிக்கையல்ல, நோக்கம். அந்த வகையில் ஈழத்தமிழர் வழங்கும் ‘இனவழிப்பு’ லெம்கினுக்கு நெருக்கமானது. ஒப்பந்தத்தின் ஓட்டையையும் சொல்லிவிடுவோம்: அரசியல் குழுக்கள் வரைவில் இருந்து, இறுதிப் பிரதியில் நீக்கப்பட்டன.

பூச்சிகளுக்கான ‘சைடு’ம் மனிதர்களுக்கான ‘சைடு’ம் சந்தித்துக்கொண்ட இடம் ஆஷ்விட்ஸ். அங்கே நச்சுவாயு அறைகளில் கொட்டப்பட்ட ‘சைக்ளோன் பி’ ஒரு பூச்சிக்கொல்லி. கிடங்குகளில் புழுபூச்சிகளையும் துணிகளில் பேனையும் ஒழிக்க விற்கப்பட்டது. நாஜிகள் யூதர்களைப் பேன் என்றும் கிருமி என்றும் பேசியே பழக்கியிருந்தார்கள். முதலில் ஒட்டுக்கு முன்னாலுள்ள இருக்கையில் உட்காரவைத்துவிட வேண்டும். புட்டியைத் திறப்பது அப்புறம். அதை விற்ற புரூனோ டெஷ் 1946இல் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டார். கொல்லி விற்றவர் கொலைக்குப் பொறுப்பானார்.

நம் ஊரில் யாரும் கடையில் போய்ப் பூச்சிக்கொல்லி கேட்பதில்லை. ‘மருந்து குடுங்க’ என்றுதான் கேட்கிறார்கள், ‘மருந்து அடிச்சாச்சா?’ என்றுதான் விசாரிக்கிறார்கள். கடன்பட்ட விவசாயி செத்தாலும் ‘மருந்தக் குடிச்சிட்டான்’. மருந்தும் நஞ்சும் ஒரே சொல்லில் கிடப்பதை அறியத் தெரிதாவின் ‘ஃபார்மகான்’ வரை போக வேண்டியதில்லை, உரக்கடை வாசல் போதும். ரேச்சல் கார்சன் 1962லேயே இந்த வஸ்துகளைப் பூச்சிக்கொல்லி என்பதே பிழை, உயிர்க்கொல்லி என்றல்லவா சொல்லவேண்டும் என்று வாதிட்டார்.

கொன்றவரைச் சொல்லுக்குள் இழுத்துவரும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 1976இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய பெண்களுக்கெதிரான குற்றங்கள் பற்றிய தீர்ப்பாயத்தில் டயானா ரஸ்ஸல் ‘ஃபெமிசைட்’ என்பதைப் பெண் என்பதற்காகவே கொல்லப்படுவதைக் குறிக்கப் பயன்படுத்தினார். மெக்சிகோவின் மார்செலா லகார்டே அதை ‘ஃபெமினிசிடியோ’ என்று நீட்டி, கொலையாளியைத் தண்டிக்காமல் விடும் அரசையும் அதற்குள் சேர்த்தார். 2012இல் அது மெக்சிகோவின் கூட்டாட்சித் தண்டனைச் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

தமிழில் இதற்கு ஒட்டை நீட்டவேண்டியதில்லை, முன்னிருக்கையே இருவருக்கும் பொது. ‘புலிகொல் யானை’ என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் இந்த யானைதான். இந்தத் தடுமாற்றம் நமக்கு வசதி. ஆங்கிலத்தைப் பார்த்துக் ‘கௌரவக் கொலை’ என்று எழுதிக்கொண்டிருந்தோம், கொன்றவனுக்குக் கௌரவம் கொடுத்து. இயக்கங்கள்தான் அதைச் ‘சாதி ஆணவக் கொலை’ ஆக்கின. இளவயதுக் காதலர்கள் செத்த செய்தியில் கொன்றது எது என்பது இப்போது முதலிலேயே வந்துவிடுகிறது.

நண்பரின் மெய்ப்பில் ‘மன்னனைக் கொன்றவர்கள்’ என்று திருத்தி அனுப்பினேன். ‘அரச கொலை’யை விட்டுவைத்தால் அரசு செய்த கொலை என்றும் படிக்க இடமிருக்கிறதே என்று காரணமும் எழுதினேன். ‘சரி, அது அடுத்த கட்டுரைக்கு வேணும், பத்திரமா வையுங்க’ என்று பதில் வந்தது.