ட்ரம்பெட்டுக்கு முன்னால் ஒரு பாட்டு

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. பேண்டு செட்காரர்கள் வீட்டில் இருக்கும் மாதம். காலனிப் பிள்ளைகள் வாத்தியத்தைத் தொட்டுப் பார்ப்பதும் அப்போதுதான். பெரியவர் எடுத்த எடுப்பில் ட்ரம்பெட்டைக் கையில் கொடுத்துவிட மாட்டார். தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்வார். பாடிக்கொண்டே தொடையில் தாளம் தட்டச் சொல்வார். தாளம் ஓடாமல் நின்றால் டிரம் குச்சி கிடைக்கும். ஊதுவது அதற்கும் பிறகு.

இதைக் கேள்வி ஞானம் என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் உலகம் கொண்டாடிய ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கற்றதும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின ஏழைகள் வாழ்ந்த பகுதியில் 1901 ஆகஸ்ட் 4-ல் பிறந்தவர் அவர். சிறுவயதில் பழைய சாமான் வாங்கும் வண்டியில் வேலை பார்த்தபோது தகர ஊதலை ஊதி ஆட்களைக் கூப்பிடுவார். பிறகு கூட்டாளிகள் நான்கு பேராகச் சேர்ந்து தெருவில் பாடிச் சில்லறை சேர்த்தார்கள். 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் வீட்டிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டார். போலீஸ் பிடித்தது. கறுப்பினச் சிறுவர்களுக்கென்று தனியாக இருந்த சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். வயது 11.

அங்கே பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர் பீட்டர் டேவிஸ். முதலில் அவருக்கு இந்தப் பையனைப் பிடிக்கவில்லை. மோசமான தெருவிலிருந்து வந்தவன் என்ற எண்ணம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மாறும் ஆசிரியரை நம்மிலும் பலர் பார்த்திருக்கிறோம். டேவிஸ் மெல்ல மனம் மாறினார். முதலில் கொடுத்தது கையால் தட்டும் டாம்பரின். அடுத்து டிரம். அதன்பின் ஆல்ட்டோ ஹார்ன்.

இங்கேதான் பாட்டு கைகொடுத்தது. ஆல்ட்டோ ஹார்ன் மெட்டை ஊதுவதில்லை. மெட்டுக்கு அடியில் துணையாக ஓடும். நான்கு பேர் பாட்டில் மற்ற குரலோடு எப்படிச் சேர்ந்து போவது என்று அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே குழாயில் செய்தான். ஆம்ஸ்ட்ராங் தன் வாழ்க்கைக் கதையில் இதைச் சொல்லியிருக்கிறார். அடுத்து பியூகிள் கிடைத்தது. அழுக்கேறிக் கிடந்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். அதில் வால்வு கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்தித்தான் சுரம் மாற்ற வேண்டும். கடைசியாகத்தான் மூன்று வால்வு கொண்ட கார்னெட். பேண்டுக்குத் தலைவனும் ஆனான். ஒருநாள் அந்த பேண்டு அவனுடைய பழைய தெரு வழியாகவே ஊதிக்கொண்டு போனது. தெரு சனம் போட்ட காசில் தொப்பிகள் நிறைந்தன. 1914-ல் வெளியே வந்தான்.

ஒரு பிள்ளைக்கு ஒழுங்காக வாத்தியம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பதற்கு அவன் கைதாக வேண்டியிருந்தது. இதைச் சாதனைக் கதையாக மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பள்ளிகளில் இந்த வரிசையில் பாடம் நடத்தப் பெரிய செலவில்லை. வட்டமாக உட்காரவைத்து, பாதிப் பேரை 'தகிட' என்று மூன்றாகவும், மீதிப் பேரை 'தகதிமி' என்று நான்காகவும் சொல்லி, ஒவ்வொரு 'த'வுக்கும் கைதட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பிரிந்து போய், 12 எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி ஒன்றாகத் தட்டும். மீச்சிறு பொது மடங்கு புரியாத பிள்ளைக்கும் அது காதில் புரிந்துவிடும். ஊதுவதற்கு அவசரம் வேண்டாம். பால்பல் விழுந்து முன்பல் உறுதியாக முளைக்கட்டும். அதுவரை வெறும் உதட்டை 'பர்ர்' என்று அதிரவைத்துப் பழகலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி விழா என்றால் "உங்கப்பா பேண்டு அடிக்கிறவர்தானே, நீ போய் அடிடா" என்று காலனிப் பையனை மட்டும் எழுப்புகிறார்கள். மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துப் பல ஊர்களில் நம் பெரியவர்கள் போராடினார்கள். அந்தக் கட்டாயம் பள்ளி வாசல் வழியாகத் திரும்பி வரக்கூடாது. அதற்காக இசை வகுப்பே வேண்டாம் என்று ஒதுங்கும் பெற்றோரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. மதுரையின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறையும் ட்ரம்பெட்டும் கற்க வேண்டிய கலை. பிறப்போடு ஒட்டிவந்த வேலை அல்ல. கற்பதென்றால் வகுப்பு மொத்தமும் கற்க வேண்டும். சொல்லிக்கொடுக்கக் காலனியின் பேண்டு மாஸ்டரையே அழைக்க வேண்டும். மற்ற ஆசிரியர்களைப் போலவே அவரையும் "சார்" என்று கூப்பிட வேண்டும், சம்பளமும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் வெளிப்படையாகப் பேச வேண்டியது. ஒரே ட்ரம்பெட்டை ஐந்து பிள்ளைகள் மாற்றி மாற்றி ஊதினால் "எச்சில்" என்ற பேச்சு வரும். சுகாதாரம் நியாயமான காரணம்தான். அதன் நிழலில் சாதியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ட்ரம்பெட்டில் வாய் வைக்கும் மவுத்பீஸ் தனியாகக் கழலும். முழு வாத்தியத்தைவிட அதன் விலை மிகக் குறைவு. பிள்ளைக்கு ஒன்று வாங்கி, பெயர் ஒட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. அப்புறமும் யாராவது தயங்கினால், தயக்கம் எதற்கு என்று நேராகவே கேட்டுவிடலாம்.