அடக்கவியலா உந்துதல்: ஒரு நீதிமன்றப் புதினமும் சித்தப்பிறழ்வு வாதமும்

கொலை செய்தவர் யார் என்பதை இறுதிப் பக்கம்வரை மறைத்து வைத்து வாசகரை ஈர்ப்பது துப்பறியும் புதினத்தின் மரபு. அம்மரபை விலக்கி, கொன்றவன் இன்னான், கொல்லப்பட்டவன் இன்னான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கொன்றபோது அவன் மனம் எந்நிலையில் இருந்தது என்னும் வினாவை மட்டுமே துணையாகக் கொண்டு ஒரு பெரும் புதினத்தை நடத்திச் சென்றவர் அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் டிரேவர். 1958இல் வெளிவந்த 'அனாடமி ஆஃப் எ மர்டர்' என்னும் அந்நூலின் பெயரை 'ஒரு கொலையின் உடற்கூறு' எனத் தமிழில் வழங்கலாம்.

டிரேவர் என்பது புனைபெயரே. அவருடைய இயற்பெயர் ஜான் வோல்க்கர். மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் பல்லாண்டுகள் அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். நூல் வெளிவந்தபோது அம்மாநில உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவர். 1952ஆம் ஆண்டில் பிக் பே என்னும் சிற்றூரில் இராணுவ லெப்டினன்ட் ஒருவர் மதுக்கடை உரிமையாளரைச் சுட்டுக் கொன்றார். அவ்வழக்கில் லெப்டினன்டுக்காக வாதாடியவர் வோல்க்கரே. அப்பட்டறிவே புதினமாயிற்று. ஆகவே இந்நூலில் வரும் நீதிமன்றக் காட்சிகள் கற்பனையாளர் தூரத்திலிருந்து கண்டு வரைந்தவை அல்ல. மறு ஆண்டே ஓட்டோ பிரெமிஞ்சர் இதனைத் திரைப்படமாக்கினார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வழக்கறிஞராக நடித்தார்.

கதை சுருக்கமானது. லெப்டினன்ட் மேனியனின் மனைவி லாரா, மதுக்கடைக்காரன் குவில் தன்னைப் பலாத்காரம் செய்துவிட்டதாக இரவில் வந்து சொல்கிறாள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து மேனியன் துப்பாக்கியுடன் மதுக்கடைக்குச் சென்று பலர் முன்னிலையில் குவிலைச் சுட்டுக் கொல்கிறான். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வழக்கின் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. கண்ணெதிரே கண்டு கொதித்தெழுந்த சினம் என்று வாதிட வழியில்லை. தற்காப்பு என்று கூறவும் வழியில்லை.

சிறைக்கு வந்து மேனியனைச் சந்திக்கும் வழக்கறிஞர் பால் பீக்லர், "அன்றிரவு என்ன நடந்தது?" என்று உடனே கேட்பதில்லை. முதலில் சட்டத்தைப் போதிக்கிறார். கொலை வழக்கை எதிர்கொள்ளும் வழிகள் சிலவே. நடந்தது கொலையே அன்று எனலாம். கொன்றவன் நானல்லன் எனலாம். கொன்றது நியாயம் எனலாம். கொன்றது பிழையே, ஆயினும் பொறுக்கத்தக்கது எனலாம். முதல் மூன்று வாயில்களும் மேனியனுக்கு அடைபட்டவை என்பதை ஒவ்வொன்றாக விளக்குகிறார். பிறகு மௌனம். பொறுக்கத்தக்க காரணங்கள் எவை என்று மேனியன்தான் வினவுகிறான். வழக்கறிஞர் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொய் சொல் என்று தூண்டவும் இல்லை. ஆயினும் அவ்வுரையாடல் முடிவதற்குள், தான் அப்போது சித்தம் கலங்கியிருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு மேனியனே வந்து சேர்ந்துவிடுகிறான். வழக்கறிஞர் தொழில் புரியும் அன்பர்கள் இப்பகுதியைப் படித்தால் சற்றே நெளிவர் என்று கருதுகிறேன். உண்மையைக் கண்டறியுமுன் உண்மைக்குரிய அச்சினை வார்த்துக் கொடுப்பது அறமாகுமா என்பது பற்றி அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இக்காட்சியை வைத்தே விவாதிப்பதுண்டு.

இனிச் சட்டம் சித்தப்பிறழ்வை எவ்வாறு அளக்கிறது என்பதைக் காண்போம். 1843 ஜனவரியில் டேனியல் மக்நாட்டன் என்னும் ஸ்காட்லாந்து மரக்கடைசல் தொழிலாளி, பிரதமர் இராபர்ட் பீல் என்று எண்ணி அவருடைய செயலர் எட்வர்ட் டிரம்மண்டை இலண்டனில் சுட்டார். ஆளுங்கட்சியினர் தம்மை எங்கும் பின்தொடர்ந்து துன்புறுத்துவதாக அவர் உறுதியாக நம்பியிருந்தார். டிரம்மண்ட் இறந்தார், மக்நாட்டன் சித்த சுவாதீனம் அற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். நாடு கொந்தளித்தது. மூன்றாண்டுகளுக்கு முன் தம்மை நோக்கிச் சுட்ட இளைஞனும் இவ்வாறே தண்டனை நீங்கியதைக் கண்டிருந்த விக்டோரியா அரசியார் பெரிதும் சினமுற்றார். பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் அளித்த விடையே மக்நாட்டன் விதி எனப்படுகிறது. மனநோயினால் தான் செய்வது இன்னது என்று அறியாதவன், அல்லது அது தவறு என்று அறியாதவன் குற்றப் பொறுப்பினின்று நீங்குவான் என்பது அதன் சாரம்.

இவ்விதியை உள்வாங்கியே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு 1860இல் அமைந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவாக அதுவே தொடர்கிறது. இவை யாவும் அறிவைப் பற்றியே பேசுகின்றன. தவறு என்று அறிந்தும் கையைத் தடுக்க இயலாத நிலையை இவை பொருட்படுத்துவதில்லை. மேனியனோ தான் செய்வது இன்னது என்று அறியாதவன் அல்லன். ஆகவே பீக்லரின் முதிய நண்பரும், மதுவுக்கு அடிமைப்பட்டு மீள முயல்பவருமான பார்னெல் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டி, 1886ஆம் ஆண்டு மிச்சிகன் தீர்ப்பொன்றைக் கண்டெடுக்கிறார். நோயின் காரணமாக உந்துதலை அடக்கும் ஆற்றலை இழந்தவனும் பொறுப்பற்றவனே என்பது அத்தீர்ப்பு. அக்காலத்தில் அம்மாநிலத்தில் சித்தப்பிறழ்வுக்குச் சான்று காட்டிவிட்டால், அவன் நலமாகவே இருந்தான் என்பதை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசைச் சார்ந்தது. ஜூரிகளின் உள்ளத்தில் ஓர் ஐயத்தை விதைத்தால் போதும்.

இஸ்லாமியச் சட்டவியலில் இவ்வினா மிகத் தொன்மையானது. உறங்குவோர், சிறார், சித்தம் இழந்தோர் ஆகியோர்மீது வினைப்பதிவு இல்லை என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத் முதலான தொகுப்புகளில் உள்ளது. இதனை அடியொற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் இடையறாத சித்தப்பிறழ்வு வேறு, விட்டுவிட்டு வருவது வேறு என்று பகுத்தனர். தெளிவுற்றிருக்கும் வேளையில் செய்தவற்றுக்கு அம்மனிதர் பொறுப்பாளியே. சித்தம் இழந்தவர் கொலை செய்தால் பழிக்குப் பழி இல்லை. ஆயினும் கொல்லப்பட்டவர் குடும்பத்துக்குரிய தியத் என்னும் ஈட்டுத்தொகை நீங்குவதில்லை என்பதே பெரும்பான்மையோர் கருத்து. செய்தவரின் நிலை கருதிப் பொறுத்தாலும் இழந்தவரின் உரிமை அழிவதில்லை என்னும் இந்நோக்கு, குவிலை நினைந்து அழுவார் யார் என்று கேட்க மறந்த அந்த நீதிமன்றத்தில் காணப்படாத ஒன்று.

ஜூரிகள் மேனியனை விடுவிக்கின்றனர். கட்டணத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் வாங்கச் செல்லும் பீக்லர், அவன் இருந்த இடத்தை வெறுமையாகக் காண்கிறார். தன்னை அடக்கவியலா உந்துதல் பற்றிக்கொண்டதால் திடீரெனப் புறப்பட நேர்ந்தது என்னும் பொருள்படக் குறிப்பொன்று எஞ்சியிருக்கிறது. திரைப்படத்தைக் கண்டவர்கள் இவ்விடத்தில் சிரித்ததில் வியப்பில்லை. ஆனால் அச்சிரிப்பு யார்மீது விழுகிறது?

1981இல் அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி, மறு ஆண்டில் சித்தப்பிறழ்வின் பேரில் விடுவிக்கப்பட்டபோது, பைத்தியம் என்று நடித்துத் தப்பினான் என்றே பொதுமக்களில் பலர் பேசினர். 1984இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, அடக்கவியலாமை என்னும் வாதம் நீக்கப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏற்றப்பட்டது. கதை நிகழ்ந்த மிச்சிகன் மாநிலமே 1975இல் 'குற்றவாளி, ஆயினும் மனநோயாளி' என்னும் தீர்ப்பு வகையைப் புகுத்திவிட்டது. அத்தீர்ப்பைப் பெறுபவர் செல்லும் இடம் சிறையே. மாநிலங்கள் இவ்வாதத்தைப் பழைய வடிவில் வைத்திருக்கக் கடமைப்பட்டவை அல்ல என்று 2020இல் கான்சாஸ் வழக்கொன்றில் அமெரிக்க உச்சநீதிமன்றம் கூறியது. இத்தனைக்கும் எட்டு மாநிலங்களில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, கடுங்குற்ற வழக்குகளில் நூற்றுக்கு ஒன்றில்தான் இவ்வாதம் எழுப்பப்படுகிறது. அவற்றிலும் வெற்றி பெறுபவை ஏறத்தாழ நான்கில் ஒன்றே.

வோல்க்கர் வாதாடிய உண்மை வழக்கின் லெப்டினன்ட், தீர்ப்புக்குப் பின் மருத்துவரால் சோதிக்கப்பட்டு, நலமாக இருக்கிறார் என்று சில நாட்களில் வீடு திரும்பினார். ஹிங்க்லி மருத்துவமனை வாழ்விலிருந்து வெளியேற 2016 ஆயிற்று. விதிக்குத் தம் பெயரை ஈந்த மக்நாட்டன் விடுதலை பெற்றதும் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். பின்னர் பிராட்மூருக்கு மாற்றப்பட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் வெளியுலகம் காணாது 1865இல் அங்கேயே இறந்தார்.