உழைப்போரும் வணிக நிர்வாக மேற்படிப்பும்

நெசவாளர், உழவர் குடும்பங்களில் பிறந்து, பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலை பார்த்த பின்னர், எம்.பி.ஏ. எனப்படும் வணிக நிர்வாக மேற்படிப்பை நாடுவோர் பலர். கல்லூரியிலிருந்து நேரே இப்படிப்பிற் சேரும் இளைஞருக்கு இல்லாத பொறுப்புக்கள் இவர்களுக்கு உண்டு. வரும் ஊதியம் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பெரிவதே கடினமாகலாம். ஆகவே, கல்லூரியின் பெயரைக் கேட்டு மயங்காமல், நான்கு செய்திகளை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, நோக்கம். படித்து முடித்து எவ்வேலை செய்யப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்க. வங்கிப் பணிக்குப் பயன்படும் படிப்பே சங்க நிர்வாகத்திற்கும் பொருந்துமென எண்ணலாகாது. கூட்டுறவுத் துறைக்கென்றே 1967-இல் புனேயில் வைகுந்த மேத்தா தேசியக் கூட்டுறவு நிர்வாக நிலையம் தோன்றியது. கிராம நிர்வாகக் கல்விக்காக 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கப்பெற்ற நிலையத்தை அடிப்படையாகக் கொண்டு, 2025-இல் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அமைக்கப்பெற்றது.

இரண்டாவது, அங்கீகாரம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி, பல்கலைக்கழகங்களும் பாராளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிலையங்களுமே பட்டம் வழங்கலாம். ஏனைய தனி நிலையங்கள் அளிப்பது பட்டயமே. பட்டயம் தாழ்ந்ததன்று, புகழ் வாய்ந்த இந்திய நிர்வாகக் கழகங்களும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பட்டயமே வழங்கி வந்தன. எனினும், நாம் பெறப்போவது இன்னதென்று அறிந்தே சேர்தல் வேண்டும். தொலைநிலைக் கல்வியாயின், அந்த ஆண்டில் அந்தப் படிப்பை நடத்த அப்பல்கலைக்கழகத்திற்கு மானியக் குழுவின் அனுமதி உண்டா எனப் பார்ப்பது கட்டாயம்.

மூன்றாவது, கணக்கு. மாதம் ரூ.25,000 பெறும் ஒருவர் வேலையை விட்டு ஈராண்டு படிப்பதாகக் கொள்வோம். கல்விச் செலவு ரூ.8 லட்சமெனில், இழக்கும் ஊதியம் ரூ.6 லட்சத்தையும் கூட்டினால் மொத்தம் ரூ.14 லட்சம். பின்னர் ஊதியம் ரூ.40,000 ஆனால், ஆண்டிற்குக் கூடுதல் வரவு ரூ.1,80,000. போட்டதை மீட்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகும். கடன் வாங்கினால் வட்டி வேறு. இருபத்தைந்து வயதினர் இதனைத் தாங்கலாம். நாற்பது வயதினர் இருமுறை சிந்திக்க வேண்டும்.

நான்காவது, நேரம். வேலையை விட இயலாதவர்க்கு மாலை வகுப்பும் தொலைநிலைக் கல்வியும் உதவும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் இத்தகையோரை மனத்திற் கொண்டே நிறுவப்பெற்றன. இம்முறையில் ஊதியம் நிற்பதில்லை. ஆனால், அன்றாடம் தாமே அமர்ந்து படிக்கும் உறுதி வேண்டும். தறி வேலையோ அறுவடையோ நெருக்கும் மாதங்களில் தேர்வு வருமா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்க.

இவற்றை ஆராய்ந்த பின், அங்கே படித்து இன்று வேலையில் இருப்போர் இருவர் மூவரைக் கண்டு பேசுக. விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வர். நூலின் நம்பரையும் முறுக்கையும் பாராது பாவு ஓட்டும் நெசவாளி இல்லை. விதையைச் சோதியாது விதைக்கும் உழவரும் இல்லை. பல ஆண்டுச் சேமிப்பைக் கல்வியில் இடும்போதும் அதே விழிப்பு வேண்டும். அவ்வாறு தேர்ந்து கற்ற கல்வி அவர்தம் குடும்பத்திற்கும், அவர் சேர்ந்த சங்கத்திற்கும் நற்பயன் தருமென்பது திண்ணம்.