குரல்வளை நீங்கிய பின்னும் பேச்சு

மாதுங்காவில் வாழும் நம் அன்பர் ஒருவர், புற்றுநோயின் காரணமாகக் குரல்வளை முழுவதையும் ரண சிகிச்சையில் இழந்து வீடு திரும்பினார். காணச் சென்ற நாம் அவரிடம் உரக்கப் பேசினோம். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "காது நன்றாகவே கேட்கிறது." வெட்கிப் போனோம். அவ்வெட்கமே இதனை எழுதத் தூண்டிற்று.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதும் அகற்றும் சிகிச்சையை 1873-இல் வியன்னா நகரில் பில்ரோத் என்னும் வைத்தியர் செய்தார். குரல்வளையை எடுத்தபின் மூச்சுக்குழலின் மேல்முனையைக் கழுத்தின் முன்புறத்தில் துவாரமாக அமைத்துவிடுகின்றனர். அதன்பின் மூச்சு அவ்வழியேதான். மூக்கு, வாய் வழியாக அன்று. துவாரத்தை இறுகப் போர்த்தலாகாது; குளிக்கையில் நீர் புகலாகாது. (ஊருக்குச் சென்றால் காவிரியில் முழுக்குப் போடும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.) மூச்சு நின்று விழுந்துவிட்டால் கழுத்துத் துவாரத்தின் வழியேதான் காற்று ஊட்ட வேண்டும். வீட்டில் சிறுவர் முதல் அனைவரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

பேச்சு எங்ஙனம் திரும்புகிறது? உணவுக்குழலில் காற்றை ஏற்றி, ஏப்பம்போல் வெளியிட்டுப் பேசப் பழகுவோர் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். மின்கலக் கருவியைக் கழுத்தில் வைத்துப் பேசுவோரும் உண்டு. கருவி இடைவிடாது அதிர்வதால் 'காலை' என்பதன் ககரம் 'கங்கை'யின் ககரம்போல் கேட்கும். இந்தியில் அது வேறு சொல்லாகிவிடக்கூடும். ஒரே ககரம் கொண்ட தமிழில் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. இது நமக்கோர் அனுகூலமென்று மகிழ்ந்தோம்!

நம் அன்பருக்குப் பொருத்தியிருப்பது வால்வு. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே அது அமைகிறது. கழுத்துத் துவாரத்தை விரலால் மூடி மூச்சுவிட்டால் காற்று உணவுக்குழல்வழி ஏறி வாயில் சொல்லாகிறது. நாளடைவில் வால்வு பழுதாகி, குடித்த நீர் கசிந்து இருமலெழுப்பும், மாற்றத்தான் வேண்டும். அயல்நாட்டு வால்வுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். எளியோர் படும் இத்துயரைக் கண்ட பெங்களூரு டாக்டர் விஷால் ராவ், 2015-ஐ ஒட்டி, நண்பரொருவருடன் 'ஓம்' என்னும் வால்வை உருவாக்கி 50 ரூபாய் விலையில் அளிக்க முன்வந்தார்.

இவ்வளவிருந்தும் நம் அன்பரின் பெருங்குறை, காப்பியின் மணம் தெரியவில்லை என்பதே. மூக்கில் காற்றோட்டம் இல்லையல்லவா? உதடுகளை மூடியவாறே கொட்டாவி விடுவதுபோல் தாடையையும் நாவையும் தாழ்த்தினால் மூக்கினுள் காற்று ஏறும். இது நெதர்லாந்து வைத்தியர்கள் வகுத்த பயிற்சி. தினமும் காலையில் தம்ளரை எதிரில் வைத்துக்கொண்டு இதனைப் பழகுகிறார். சென்ற வாரம் ஒருநாள், "சிக்கரி அதிகம்" என்று அவர் சொன்னதைக் கேட்டு அவருடைய மனைவியார் அழுதுவிட்டாராம்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மையாருக்கு இந்தியும் மராத்தியுமே தெரியும். மாலை வேளையில் அவரோடு அமர்ந்து, அவசரப்படுத்தாமல், அவர் சொல்லவந்ததைத் தாமே முடித்துவிடாமல் தமிழில் உரையாடக்கூடிய அன்பர்கள் நம் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு வசதி.