பின் பொருந்தினால் மட்டும் போதுமா?

கடல் கடந்து வணிகம் செய்வது நமக்குப் புதிதல்ல. துபாயில் நடக்கும் கல்ஃபுட் உணவுப் பொருட்காட்சிக்கும், சீனத்தின் குவாங்சோ நகரில் 1957 முதல் நடந்துவரும் கான்டன் சந்தைக்கும் நம்மவர்கள் போய் வருகிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வேலை பார்ப்பதால், அங்கே மாதக்கணக்கில் தங்கி வரும் வணிகக் குடும்பங்களும் உண்டு. பாஸ்போர்ட், விசா, மாத்திரை, ஊறுகாய் என எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்து வைக்கிறோம். பிளக் விஷயத்தை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். புதிய மிக்ஸி உழைக்காமல் நிற்பதும், ஆசையாய் வாங்கி வந்த இயந்திரம் ஊர் வந்த அன்றே கருகுவதும் இதனால்தான்.

இதில் நாம் பயணிகள் மட்டுமல்லர், விற்பவர்களும்கூட. எலெக்ட்ரிக்கல் கடை, செல்போன் கடை, ஃபேன்ஸி ஸ்டோர் என எங்கும் அடாப்டர் தொங்குகிறது. ஆகவே கல்லாவின் இரு பக்கமும் நின்று இதைப் பார்ப்பது நல்லது.

இரண்டு சாமான், இரண்டு வேலை

அடாப்டர் என்பது பின்னின் உருவத்தை மாற்றித் தருவது. அவ்வளவுதான் அதன் வேலை. மின்சாரத்தின் அழுத்தத்தை, அதாவது வோல்டேஜை, அது தொடுவதில்லை. தராசுத் தட்டை மாற்றினால் சரக்கின் எடை மாறுமா? அதுபோலத்தான் இதுவும். வோல்டேஜை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமானால் கன்வர்ட்டர் அல்லது டிரான்ஸ்பார்மர் வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குவதும் விற்பதுமே பாதி நட்டத்துக்குக் காரணம்.

எந்த நாட்டில் என்ன?

நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உருண்டைப் பின் மூன்று கொண்ட நம் பிளக் பழைய பிரிட்டிஷ் அமைப்பைச் சேர்ந்தது. பிரிட்டனோ 1947-இல் பட்டைப் பின் மூன்று கொண்ட 13 ஆம்ப் பிளக்குக்குத் தரம் வகுத்து, அதற்கு மாறிவிட்டது. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், துபாய் ஆகிய இடங்களிலும் இந்தப் பட்டைப் பின்தான். இங்கெல்லாம் வோல்டேஜ் ஏறத்தாழ நம்முடையதே. அடாப்டர் ஒன்றே போதும்.

சீனத்தில் 220 வோல்ட். அங்கே இரண்டு தட்டைப் பின்னும், சாய்ந்த தட்டைப் பின் மூன்றும் புழங்குகின்றன. ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் 230 வோல்ட், உருண்டைப் பின் இரண்டு. ஆஸ்திரேலியாவில் 230 வோல்ட், சாய்ந்த பின். இங்கும் அடாப்டர் போதும்.

கவனம் வேண்டியது அமெரிக்கா, கனடா, ஜப்பான், தைவான் செல்வோருக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தைவானில் 110 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். அதிலும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

கடைக்குப் போகுமுன் சாமானைத் திருப்பிப் பாருங்கள். 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது உலகில் எங்கும் ஓடும். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் பெரும்பாலும் இந்த வகையே. இவற்றுக்கு அடாப்டர் மட்டும் வாங்கினால் போதும்.

220–240 என்றோ 230 என்றோ மட்டும் இருந்தால் அது நம் நாட்டு வோல்டேஜுக்கானது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மூச்சிரைப்புக்காரர்கள் கொண்டு செல்லும் நெபுலைசரின் லேபிளை அவசியம் படிக்க வேண்டும். நள்ளிரவில் அது ஓடாவிட்டால் நட்டம் பணத்தோடு நிற்காது.

வாய்க்கணக்காகவே ஒன்றைப் பார்க்கலாம். வோல்டேஜ் பாதியானால் சூடேற்றும் சாமானின் சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். நம் ஊர் 1,000 வாட் கெட்டில் அமெரிக்காவில் சுமார் 270 வாட்டில்தான் வேலை செய்யும். தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். மாறாக, அமெரிக்கச் சாமானை இங்கே நேரடியாகச் செருகினால் சக்தி ஏறத்தாழ நான்கு மடங்காகும். நொடியில் கருகும், தீப்பிடித்தாலும் வியப்பதற்கில்லை.

கன்வர்ட்டர் வாங்கும் கணக்கு

கையடக்கமான, எடை குறைந்த சில கன்வர்ட்டர்கள் 220 வோல்டை 110 ஆகக் குறைப்பதாக விற்கப்படுகின்றன. அவற்றில் பல, சூடேற்றும் சாமான்களைச் சிறிது நேரம் ஓட்ட மட்டுமே உதவும். மோட்டார் உள்ளவற்றையும் மின்னணுச் சாமான்களையும் அவற்றில் போடக்கூடாது. அதற்குக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மரே சரி. ஆனால் அது கனமானது.

வாட் கணக்கையும் மறக்க வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் டிரான்ஸ்பார்மர் வைப்பதே பாதுகாப்பு. அமெரிக்க வீட்டின் சாதாரண சாக்கெட்டோ 15 ஆம்ப். 120 வோல்டால் பெருக்கினால் 1,800 வாட்தான் எல்லை. 2,000 வாட் சாமானை எந்த டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் அதில் ஓட்ட முடியாது.

இன்னொன்று, டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸிக்கு இது பெரிய குறையல்ல. ஆனால் மாவாட்டும் கிரைண்டரின் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிச் சுற்றும். பல கிலோ எடையுள்ள டிரான்ஸ்பார்மரையும் கிரைண்டரையும் சுமந்து போவதைவிட, நம் நாட்டுத் தயாரிப்பாளர்களே அமெரிக்காவுக்கென்று செய்யும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடலை வாங்குவது லாபம்.

இயந்திரம் வாங்கி வருவோருக்கு

பாக்கெட் ஒட்டும் இயந்திரம், மின் தராசு, பில் போடும் பிரின்டர் எனச் சீனத்தில் விலை பேசி வாங்குவோர் உண்டு. அங்கே ஏற்றுமதிக்காக 110 வோல்ட் மாடலும் செய்வார்கள். "இந்தியா, 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்" என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய ஜப்பானிய இயந்திரத்தின் விலையில், அதற்கு வேண்டிய டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். அப்போதுதான் அது மலிவா இல்லையா என்பது தெரியும்.

எர்த் இல்லாத அடாப்டர் ஆபத்து

உலோக உடம்புள்ள எந்தச் சாமானுக்கும் எர்த் தொடர்பு வேண்டும். மூன்று பின்னையும் வாங்கிக்கொண்டு மறுபக்கம் இரண்டே பின் நீட்டும் அடாப்டரில் எர்த் அறுந்துபோகிறது. செல்போன் சார்ஜருக்கு அது போதும். இஸ்திரிப் பெட்டிக்கு அது எமன்.

சிங்கப்பூர், துபாய் சாக்கெட்டில் மேலே உள்ள எர்த் துளையில் பின் நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும். சிலர் அதில் பேனா முனையையோ தீக்குச்சியையோ குத்தி, நம் இரண்டு பின் பிளக்கை அழுத்திச் செருகுகிறார்கள். குழந்தைகளைக் காக்க வைத்த மூடியை நாமே உடைப்பது போன்றது இது. சிறிய தொகைக்குக் கிடைக்கும் அடாப்டரை வாங்கிக்கொள்வதே முறை.

விற்பவர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அடாப்டர் கேட்டு வருபவரிடம், "எந்த நாட்டுக்கு? எந்தச் சாமானுக்கு? எத்தனை வாட்?" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. சரக்கு எடுக்கும்போது ஆம்ப் எண் அச்சிட்டிருக்கிறதா, எர்த் தகடு உள்ளதா, பின் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பட்டைப் பின் வகையானால் பியூஸ் உள்ளதே நல்லது.

"எல்லா நாட்டுக்கும் ஆகும், எதையும் மாட்டலாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உற்பத்தியாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகத் தந்து, அது பொய்த்துத் தீங்கு நேர்ந்தால் விற்பவரும் பொறுப்பாளி ஆவார். ஓர் அடாப்டரில் கிடைக்கும் லாபம் சில ரூபாய். அதற்காகத் தலைமுறையாய்ச் சேர்த்த கடைப் பெயரைப் பணயம் வைக்கலாமா?

சரியில்லாத சாமானை "இது உங்களுக்கு ஆகாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை. ஊர் திரும்பியதும் அவர் அடுத்த சாமான் வாங்க வருவது அந்தக் கடைக்குத்தான். வாங்கும்போது எண்ணைப் பார்ப்போம். விற்கும்போது கேட்டு விற்போம்.