செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெண்கள்: வழிகாட்டும் அமைப்பு ஒன்றைத் தொடங்குவது எப்படி?

இயந்திரக் கற்றல் துறையில் ஆய்வு செய்யும் பெண்கள் எத்தனை பேர்? 2005 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கனடாவின் வான்கூவர் நகரில், நான்கு இளம்பெண்கள் இந்தக் கேள்விக்கு விரல்விட்டு விடை தேடினர். அன்று நிப்ஸ் என்றும் 2018 ஆம் ஆண்டு முதல் நியூரிப்ஸ் என்றும் அழைக்கப்படும் அனைத்துலக மாநாட்டிற்கு வந்திருந்த அவர்கள், ஒரே விடுதி அறையில் தங்கியிருந்தனர். தெரிந்த பெயர்களை எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். பட்டியல் சுமார் பத்துப் பேரோடு நின்றுவிட்டது.

பெண்கள் உண்மையிலேயே பத்துப் பேர்தான் இருந்தார்களா? இல்லை. ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தார்கள். அந்த நால்வரில் ஹன்னா வாலக், ஜெனிஃபர் வோர்ட்மன், லிசா வைனர் ஆகிய மூவரும் மறு ஆண்டே ஒரு காரியம் செய்தனர். கணினித் துறைப் பெண்களுக்காக 1994 ஆம் ஆண்டில் அனிதா போர்க், டெல் விட்னி ஆகிய இருவரும் தொடங்கிய கிரேஸ் ஹாப்பர் மாநாடு, 2006 இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்தது. அங்கே ஓர் அமர்வு நடத்தலாம் என்று எண்ணியவர்கள், ஆர்வம் காட்டியோரின் எண்ணிக்கையைக் கண்டு அதை ஒரு முழுநாள் பட்டறையாகவே நடத்தினர். ‘விமென் இன் மெஷின் லேர்னிங்’ என்ற அமைப்பு பிறந்த கதை இதுதான். 2008 இல் அது நிப்ஸ் மாநாட்டோடு சேர்ந்து நடக்கத் தொடங்கியது. பின்னர் முறையான இலாப நோக்கற்ற அமைப்பாகவும் ஆனது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் சொந்தமாக மண்டபம் பிடிக்கவில்லை. பெரிய திறப்பு விழா நடத்தவில்லை. ஏற்கனவே ஆட்கள் கூடும் இடத்திற்குப் போய், அங்கே ஓர் அறையைக் கேட்டுப் பெற்றார்கள். நம் ஊரில் ஒரு சங்கம் தொடங்கினால் முதலில் அச்சாவது அழைப்பிதழும் பதாகையும்தான். உறுப்பினர் யார் என்பது அதற்குப் பிறகே யோசிக்கப்படுகிறது.

பெண்கள் குறைவாக இருப்பதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்போரும் உண்டு. உலகப் பொருளாதார மன்றம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, செயற்கை நுண்ணறிவுத் துறையில் பணிபுரிவோரில் 22 விழுக்காட்டினரே பெண்கள் என்று கணக்கிட்டது. அதே ஆண்டில் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தனர். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை அதிகம் போனால் 0.8 விழுக்காடு. கறுத்த நிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை எட்டியது. அமேசான் நிறுவனம் வேலைக்கு விண்ணப்பிப்போரைத் தரம் பிரிக்க உருவாக்கிய ஒரு மென்பொருள், ‘பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி’ என்பது போன்ற சொற்களைக் கண்டாலே மதிப்பெண்ணைக் குறைத்தது என்ற செய்தியும் 2018 அக்டோபரில்தான் வெளிவந்தது. பத்து ஆண்டுகளாக வந்து சேர்ந்த, பெரும்பாலும் ஆண்களுடைய விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அது. நிறுவனம் அதைக் கைவிட்டது.

மலேசியாவைப் பொறுத்தவரை இந்தப் பிரச்சினையின் முகம் வேறு. கணினி என்றால் ஆண்கள் படிப்பு என்ற எண்ணம் மேற்கு நாடுகளில் வேரூன்றியிருந்த காலத்தில், இங்கே நிலைமை தலைகீழாக இருந்தது. நார்வே நாட்டு ஆய்வாளர் விவியன் லாகெசன் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 2008 இல் எழுதிய கட்டுரையும், சுவீடன் நாட்டின் உல்ஃப் மெல்ஸ்ட்ரம் பினாங்கில் ஆய்வு செய்து 2009 இல் எழுதிய கட்டுரையும் இதனை வியப்போடு பதிவு செய்தன. கணினி அறிவியல் வகுப்பில் பெண்களே பெரும்பான்மை. விரிவுரையாளர்களிலும் பெண்கள் நிறையவே இருந்தனர். கணினி வேலை அலுவலகத்திற்குள் செய்யும் வேலை, வெயிலில் அலைய வேண்டியதில்லை, பாதுகாப்பானது என்று பெற்றோரும் மாணவிகளும் கருதியது அதற்கு ஒரு காரணம்.

ஆகவே வாசலைத் திறந்துவிட வேண்டிய அவசியம் இங்கே அவ்வளவாக இல்லை. சிரமம் மாடிப்படிகளில் இருக்கிறது. 2023 இல் மலேசியப் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் ஏறக்குறைய 56 விழுக்காடு. ஆண்களுக்கோ 80 விழுக்காட்டிற்கும் மேல். பட்டம் வாங்கிய பெண்ணுக்கு முனைவர் பட்டத்திற்கு எங்கே விண்ணப்பிப்பது, நோக்கக் கடிதத்தை எப்படி எழுதுவது, முதல் ஆய்வுக் கட்டுரை நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது, சம்பளத்தை எப்படிப் பேசி வாங்குவது, பிள்ளை பெற்ற பின் விட்ட இடத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். இவை எந்தப் பாடநூலிலும் இல்லை. அப்பா, அண்ணன், மாமா எனக் குடும்பத்தில் யாராவது அத்துறையில் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழும். தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடி வீட்டிலிருந்தும் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஏது?

வழிகாட்டல் உண்மையில் பலன் தருகிறதா, அல்லது பேசிக் கலையும் கூட்டம்தானா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சோதனைகள் நடந்தது பொறியியலிலும் பொருளாதாரத்திலும் என்றாலும் பாடம் பொதுவானது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாரா டென்னஹி, நிலாஞ்சனா தாஸ்குப்தா ஆகிய இருவரும் பொறியியல் முதலாண்டு மாணவிகள் 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவிற்கு மூத்த மாணவியர் வழிகாட்டினர். இன்னொன்றுக்கு மூத்த மாணவர்கள். மூன்றாவது குழுவிற்கு யாரும் இல்லை. 2017 இல் வெளியான முடிவு இது: ஆண்டு இறுதியில், பெண் வழிகாட்டி கிடைத்தவர்களில் ஒருவர்கூடப் பொறியியலை விட்டு விலகவில்லை. யாருமே கிடைக்காதவர்களில் 11 விழுக்காட்டினர் விலகினர். ஆண் வழிகாட்டி கிடைத்தவர்களில் விலகியோர் 18 விழுக்காடு. இதில் மதிப்பெண்ணுக்குப் பங்கில்லை. இந்த இடம் நமக்கும் உரியது என்ற உணர்வும் தன்னம்பிக்கையுமே வேறுபட்டிருந்தன. வழிகாட்டியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், ஓரிரு ஆண்டு மூத்த அக்காமார்களே என்பதையும் மறந்துவிடக் கூடாது. புகழ்பெற்ற பெயர்களைத் தேடி அலைவோர் இதைச் சற்று யோசிக்கலாம்.

இரண்டாவது சோதனையை நடத்தியது அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம். இளம் பெண் பேராசிரியர்களுக்காக 2004 இல் இரண்டு நாள் வழிகாட்டல் பட்டறை ஒன்றை அது தொடங்கியது. விண்ணப்பித்தோர் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தனர். அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ஒரே ஆய்வுத் துறையைச் சேர்ந்த சில இளையவர்கள் ஒரு மூத்தவரோடு அமர்ந்து, தங்கள் கட்டுரைகளை வரி வரியாக விவாதித்தனர். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, 2004 இல் இடம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று கட்டுரைகள் கூடுதலாக வெளியிட்டிருந்தனர். ஆய்வு மானியங்களும் கூடுதலாகப் பெற்றிருந்தனர். இரண்டே நாளில் நடந்த வேலை அது!

அமைப்பு தொடங்க நினைப்போர் கொள்ள வேண்டியது இந்த அளவைத்தான். ‘எப்போது வேண்டுமானாலும் என்னைக் கேள்’ என்று சொல்லும் வழிகாட்டியிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கூச்சம் தடுக்கும். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், கையில் ஒரு வரைவுக் கடிதமோ கட்டுரையோ என்று இருந்தால்தான் பேச்சு நகரும். ‘விமென் இன் மெஷின் லேர்னிங்’ பட்டறையில் வட்டமேசை முறை உண்டு. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொருள், ஓரிரு மூத்தவர்கள், சுற்றிலும் இளையவர்கள். ஒரு மூத்தவரின் ஒரு மணி நேரம் பலருக்குப் பயன்படுகிறது. மூத்த பெண்கள் குறைவாக உள்ள துறையில் ஒருவருக்கு ஒருவர் என்று இணைக்கப் போனால், இருக்கும் சிலரும் களைத்து ஒதுங்கிவிடுவர்.

அதே அமைப்பு தன் துறைப் பெண்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் வைத்திருக்கிறது. பேச்சாளராக அழைக்கப் பெண்களே கிடைக்கவில்லை என்று மாநாட்டு ஏற்பாட்டாளர்கள் சொல்லும் சாக்கு அதன்பின் எடுபடுவதில்லை. பட்டறையை நடத்தும் குழுவும் ஆண்டுதோறும் மாறுகிறது. இளையவர்களே பொறுப்பேற்க, இயக்குநர் குழு பின்னால் நின்று உதவுகிறது. இருபது ஆண்டு ஒரே தலைவரைக் கண்ட சங்கங்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஹெர்மினியா இபாரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை, பெண்களுக்கு ஆலோசனை தாராளமாகக் கிடைக்கிறது, பதவி உயர்வுதான் கிடைப்பதில்லை என்று காட்டியது. ஆலோசனை சொல்பவர் வேறு, மேலிடக் கூட்டத்தில் ‘இந்தப் பெண்ணுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள்’ என்று தன் பெயரைப் பணயம் வைத்துப் பேசுபவர் வேறு. இரண்டாமவர் இன்று பெரும்பாலும் ஆணாகவே இருப்பார். எனவே ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு இந்த வேலையை முடிக்க இயலாது. முதலாண்டு மாணவியிடம் பேச அக்காவை அனுப்பலாம். பதவிக்குப் பரிந்துரை செய்ய நிறுவனத்தின் இலாகாத் தலைவரைப் பிடிக்க வேண்டும்.

பதிவு செய்வதை எல்லாரும் முதல் வேலையாக நினைக்கின்றனர். ஒரு சிறு வட்டமாக இயங்கிப் பார்த்து, இளையவர்கள் மறுமுறையும் வருகிறார்களா என்று தெரிந்துகொண்ட பிறகு அதில் இறங்குவது நல்லது. ஆனால் அதிகம் தள்ளிப் போடவும் முடியாது. மலேசியாவில் 1966 ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே அது சங்கம் என்ற வரையறைக்குள் வந்துவிடும். சிங்கப்பூரில் அந்த எண்ணிக்கை பத்து. உத்தரவாத வரம்புடைய நிறுவனமாகப் பதிவது இன்னொரு வழி. சங்கமாகப் பதிந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்து 60 நாட்களுக்குள் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் கொடுக்க வேண்டும். நிறுவனங்களிடம் பெரிய நன்கொடை கேட்கப் போனால், வருமான வரிச் சட்டத்தின் 44(6) ஆவது பிரிவின்கீழ் வரிவிலக்கு அனுமதி இருக்கிறதா என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். அந்த அனுமதி உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் கையில் உள்ளது. முறையான கணக்குகள் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை என்பதால், முதல் கூட்டத்தின் தேநீர்ச் செலவிலிருந்தே பற்றுச்சீட்டுகளை எடுத்து வைக்க ஒரு பொருளாளர் தேவைப்படுவார்.