புழக்கடையிலிருந்து கார்த்திகைப் படம்

கார்த்திகை மாதத்து அந்தி வேளையில் கீழ்வானில் சிறு கொத்தாக எழும் நட்சத்திரங்களை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அறுமீன் என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். ஆறு என்பது வெறுங்கண்ணின் கணக்கு. சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இக்கூட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் உள. ஒரே முகிலிற் பிறந்து இன்னும் பிரியாதிருக்கும் உடன்பிறப்புக்கள் அவை. தில்லி போன்ற நகரங்களின் விளக்கொளியிலும் புகையிலும் அந்த ஆறையுங்கூட எண்ணுவது அரிதாகிவிட்டது. இழந்தவற்றுள் பலவற்றைப் புழக்கடையில் நிறுத்திய ஒரு காமிரா மீட்டுத் தரும்.

கண் ஒளியைச் சேமிப்பதில்லை, காமிரா சேமிக்கும். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் மங்கிய மீனும் பதியும். ஆயின் பூமி நிற்பதில்லையே! நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் அது சுழல்வதால், அசையாத முக்காலியின்மேல் 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டு 10 விநாடிக்கு மேல் எடுத்தால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். 135 மில்லிமீட்டர் லென்ஸாயின் மூன்று நான்கு விநாடிகளே கிட்டும்.

ஆதலின் சிறு படங்களாக நூறு எடுத்து, கணிப்பொறியில் மீன்மேல் மீன் பொருந்துமாறு அடுக்குதல் வேண்டும். நட்சத்திர ஒளி ஒவ்வொரு படத்திலும் தன் இடத்தில் நிற்கும். கருவியிற் தோன்றும் பொய்ப்புள்ளிகளோ இடம் மாறுவன. நூறு படங்களின் சராசரியில் அவை பத்தில் ஒரு பங்காகக் குறையும். தானே குவியம் கொள்ளும் வசதியை இருட்டில் நம்பவேண்டா. பிரகாசமான மீன் ஒன்றைத் திரையிற் பெரிதாக்கி, அது மிகச் சிறு புள்ளியாகும் வரை கையால் திருப்புவதே நன்று.

தில்லி நேயர்களுக்கு ஒரு நற்பேறு உண்டு. அங்கே கார்த்திகை உச்சிக்குத் தெற்கே நான்கரைப் பாகையளவில் கடப்பதால், அதன் ஒளி காற்றுமண்டலத்தின் மிகக் குறைந்த கனத்தையே ஊடுருவுகிறது. ஜனவரி இறுதியில், மழை பெய்து வெளித்த இரவொன்றில், எட்டு மணிக்கு முன்பாகவே அது உச்சியை எய்தும்.

இக்கூட்டத்தைச் சூழ்ந்த நீல ஒளிப்படலமே படமெடுப்போர் யாவரும் விழைவது. 1859-ல் டெம்பெல் என்பார் வெனிஸ் நகரில் சிறு தொலைநோக்கியால் அதன் ஒரு பகுதியைக் கண்டார். 1885-ல் பாரிஸில் ஹென்றி சகோதரர்கள் எடுத்த புகைப்படம், கண்ணுக்குப் புலப்படாதிருந்த மற்றொரு பகுதியைக் காட்டியது. மீன்கள் பிறந்த முகிலின் எச்சமென்றே அது நெடுங்காலம் கருதப்பட்டது. இவை வழியிற் கடந்து செல்லும் வேற்றுத் தூசி முகிலே அதுவென்று இப்போது அறிகிறோம். நகரத்துப் புழக்கடையில் அது எளிதில் அகப்படாது. விளக்குகளைக் கடந்து வெளியூர் செல்வதும், விண்ணின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி ஒன்றைத் தேடிக்கொள்வதும் அதற்குத் தேவைப்படும்.